படுத்துக்கிடன்னு சொல்றதுக்குப் பேர் வைத்தியமா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பரம்பரை இதயத் தசை நோயோடு பதினோரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், நாளைக் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு மெரினாவில் ஓடவும் வேண்டாம். உங்க டாக்டரிடம் போய்க் கேள்வி கேளுங்கள். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கேயாவது ஒருத்தர் ஜிம்மிலோ மைதானத்திலோ விழுந்தார் என்று செய்தி வந்தால் போதும். அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸப்பில் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். முதல் கோஷ்டி, "அதான் நான் அப்பவே சொன்னேன், ஜிம்முக்குப் போனா சாவுதான்" என்கும். இரண்டாவது கோஷ்டி, "நம்ம தாத்தா காலத்துல இதெல்லாம் உண்டா, நல்லா வேர்க்க வேலை செஞ்சா எந்த நோயும் வராது" என்கும். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. பெங்களூரில் இதயப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நின்றது. அவருக்கு வந்தது மாரடைப்பு என்றார்கள். நான் பேசப்போகிற நோய் அது இல்லை. ஆனால் "நெஞ்சுல ஏதோ" என்றாலே எல்லாத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதானே நம்ம வழக்கம்.

என் கோபம் அந்த இரண்டு கோஷ்டி மேலும் இல்லை. வாட்ஸப் மாமாக்கள் அப்படித்தான். மெத்தப் படித்த டாக்டர், பள்ளிக்கூட நிர்வாகம், ஜிம் முதலாளி மூணு பேரும் அதே மாமா பாஷையில் பேசுகிறார்களே, அதுக்குத்தான் கோபம்.

மேட்டருக்கு வருவோம்.

என்ன நோய் இது?

ஹைப்பர்ட்ராஃபிக் கார்டியோமயோபதி. வாயில் நுழையாது. ஹெச்.சி.எம். என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் மாதிரி வேறு காரணம் எதுவும் இல்லாமலேயே இதயத்தின் சுவர் தடித்துவிடும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் 15 மில்லிமீட்டர், அதுக்கும் மேல் போகும். ஏறக்குறைய 500 பேருக்கு ஒருத்தருக்கு இருக்கிறது என்கிறார்கள். ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைந்திருந்தால் அதில் ஒருத்தருக்கு இருக்கலாம். அவருக்கே தெரியாது.

அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

தடித்த சுவரோடு போகாது. சிலருக்கு ரத்தம் வெளியேறுகிற வாசலிலேயே அந்தத் தடிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். வால்வு இதழ் அந்தப் பக்கம் இழுபட்டு வாசலை இன்னும் அடைக்கும். இன்னொரு பக்கம், தசை நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடப்பதால் மின்னோட்டம் தடம் புரண்டு, துடிப்பு தாறுமாறாகி, திடீரென்று ஆளைச் சாய்க்கலாம். எல்லாருக்கும் இல்லை. நிறையப் பேர் இதோடேயே எண்பது வயசு வரைக்கும் இருந்து பேரன் பேத்தி எடுக்கிறார்கள். இந்த "எல்லாருக்கும் இல்லை" என்கிற இடத்தில்தான் சண்டையே.

தடை எங்கிருந்து வந்தது?

1990 மார்ச் 4. அமெரிக்காவில் ஹேங்க் கேதர்ஸ் என்கிற 23 வயசுக் கல்லூரி கூடைப்பந்து நட்சத்திரம் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். சில மாதம் முன்னாலேயே ஒரு தடவை ஆடும்போது மயங்கி விழுந்தவர். மாத்திரை ஆட்டத்தை மந்தமாக்குகிறது என்று அளவு குறைக்கப்பட்டிருந்தது. 2003 ஜூன் 26. பிரான்சின் லியோன் நகரில் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ, கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில், பக்கத்தில் யாருமே மோதாமல், தானாகச் சரிந்தார். வயசு 28. உடற்கூறு பரிசோதனையில் ஹெச்.சி.எம். என்று தெரிந்தது. உலகமே டிவியில் பார்த்த சாவு.

இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துப் பயந்துதான் விதிகள் எழுதினார்கள். 2005-ல் அமெரிக்காவின் 36-வது பெதஸ்டா மாநாடு, ஹெச்.சி.எம். உள்ளவர்கள் போட்டி விளையாட்டில் இறங்கக் கூடாது, கோல்ஃப், பில்லியர்ட்ஸ் மாதிரி நோகாத விளையாட்டு மட்டும் பரவாயில்லை என்றது. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. ஒரு உயிர் போனால் திரும்பி வராது.

ஆனால் அது யாருக்கு எழுதிய விதி? பதக்கத்துக்கும் பணத்துக்கும் உடம்பைக் கடைசிச் சொட்டு வரை பிழிகிறவர்களுக்கு. பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு 2004-லேயே அமெரிக்க இதயச் சங்கம் தனியாகப் பட்டியல் போட்டுவிட்டது. வேகநடை மாதிரி விஷயங்களுக்கு அதில் இடம் இருந்தது. நம்ம ஊருக்கு வந்து சேரும்போது அந்தப் பட்டியல் வழியிலேயே தொலைந்து, "ஒண்ணுமே பண்ணாதே" மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

எனக்குச் சொன்னது

கண்டுபிடித்த அன்றைக்கு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) எனக்குக் கிடைத்த ஆலோசனை மொத்தமே இரண்டு வரி. "எக்சர்சைஸ் எதுவும் பண்ணக் கூடாது. மாடிப்படி ஏறாதீங்க, வெயிட் தூக்காதீங்க." அவ்வளவுதான். மூணு நிமிஷம். "நடக்கலாமா டாக்டர்?" என்றதுக்கு, "எதுக்கு ரிஸ்க்?" என்று திருப்பிக் கேட்டார். நான் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

அந்த உத்தரவைக் கேட்டு நடந்ததில் இரண்டு வருஷத்தில் 14 கிலோ ஏறினேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்தது. பிரஷர் புதுசாகச் சேர்ந்தது. ஏற்கெனவே தடித்த இதயத்துக்கு பிரஷர் எவ்வளவு நல்லது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "உங்களை ஓடவிட்டுப் பார்த்தாங்களா?"

ஙே என்று முழித்தேன்.

அவர் சொன்னது இதுதான். ஹெச்.சி.எம். உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குச் சும்மா படுத்திருக்கும்போதே ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு தெரியும். இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்குப் படுத்திருக்கும்போது தெரியாது, உழைக்கும்போதுதான் தெரியும். மிச்சப் பேருக்கு இரண்டிலும் இல்லை. ஆக, கட்டிலில் படுக்கவைத்து எக்கோ எடுத்துவிட்டு, "நீ ஓடினால் என்ன ஆகும்" என்று தீர்ப்பு எழுத முடியாது. டாக்டர் பக்கத்தில் நிற்க, டிரெட்மில்லில் ஏற்றி, பிரஷர் ஏறுகிறதா இறங்குகிறதா, துடிப்பு தடுமாறுகிறதா, அடைப்பு கூடுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைச் செய்யாமலே தடை போடுவது எப்படிப் பாதுகாப்பாகும்? டாக்டருக்குப் பாதுகாப்பு. எனக்கு இல்லை.

இப்போ என்ன சொல்கிறார்கள்?

2017-ல் ஒரு ஆய்வு வந்தது. பேர் ரீசெட் ஹெச்.சி.எம். 136 நோயாளிகள். பாதிப் பேர் 16 வாரம் மிதமான உடற்பயிற்சி, மிச்சப் பேர் வழக்கம்போல். பயிற்சி செய்தவர்களுக்கு உடம்பின் தாக்குப்பிடிக்கும் திறன் கொஞ்சம் கூடியது. யாரும் சாகவில்லை. யாருக்கும் ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்து அதிர்ச்சி கொடுக்க வேண்டி வரவில்லை.

2023-ல் லைவ் ஹெச்.சி.எம். என்று பெரிய ஆய்வு. ஐந்து நாடுகள், 42 இடங்கள், 8 வயது முதல் 60 வயது வரை 1660 பேர், சுமார் மூணு வருஷக் கண்காணிப்பு. இதில் 699 பேர் கடுமையாகவே உடற்பயிற்சி செய்தவர்கள். சாவு, இதயம் நின்று மீட்கப்படுவது, துடிப்புக் கோளாறால் மயக்கம், உள்ளே வைத்த கருவி உயிர் காக்க அதிர்ச்சி கொடுப்பது, இந்த நாலையும் சேர்த்து எண்ணினார்கள். கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் 4.7 சதவீதம். மற்றவர்களில் 4.6 சதவீதம். வித்தியாசம் இருக்கிறதா? கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், இல்லை.

2020 அமெரிக்க வழிகாட்டுதல், பெரும்பாலான ஹெச்.சி.எம். நோயாளிகளுக்கு லேசானது முதல் மிதமானது வரையிலான உடற்பயிற்சி நல்லது என்று எழுதியே வைத்தது. 2024 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாருக்கும் ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது தேவையில்லை, கடுமையான பயிற்சி வேண்டுமென்றால் இந்த நோயில் அனுபவமுள்ள டாக்டரிடம் வருஷா வருஷம் முழுசாகப் பரிசோதித்து, கூடிப் பேசி முடிவெடுங்கள் என்றது.

இன்னொண்ணு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஹெச்.சி.எம். திடீர்ச் சாவுகளை அலசி 2019-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் செத்தது ஓய்வில் இருந்தபோதோ லேசான வேலையில் இருந்தபோதோதான். அதைவிட முக்கியம், பெரும்பாலானவர்களுக்கு நோய் இருப்பதே முன்னால் கண்டுபிடிக்கப்படவில்லை. எங்க சித்தப்பா 31 வயசில், கிணத்தடியில் மோட்டார் சுவிட்சைப் போடப் போன இடத்தில் விழுந்து இறந்தார். ஓடவில்லை, தூக்கவில்லை. "முனி அடிச்சிட்டு" என்றார்கள் ஊரில். இன்றைக்குவரை கோயில் கொடையில் அந்த முனிக்குத் தனியாகப் படையல் உண்டு. எக்கோதான் யாருக்கும் எடுக்கவில்லை.

கொஞ்சம் பொறுங்க, ஜிம் கோஷ்டிக்குக் கொண்டாட்டம் இல்லை

"பாத்தியா, நான் சொல்லல?" என்று துள்ளுகிறவர்களுக்கு நாலு விஷயம்.

ஒன்று. லைவ் ஆய்வு சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. யார் எவ்வளவு பயிற்சி செய்வது என்று அவரவர் முடிவு. பெரும்பாலும் நல்ல அனுபவமுள்ள மையங்களில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்டவர்கள். தெருமுனை ஜிம்மில் யார் கண்ணிலும் படாமல் 100 கிலோ தூக்குகிறவனுக்கு அந்த 4.7 சதவீதம் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு. பரம்பரை இதயத் தசை நோய் என்றால் ஹெச்.சி.எம். மட்டும் இல்லை. ஏ.ஆர்.வி.சி. என்று ஒரு சகோதரன் இருக்கிறான். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து உட்காரும், பெரும்பாலும் வலப்பக்க அறையில். கிரீஸில் நக்ஸோஸ் என்கிற தீவின் பேரிலேயே இதில் ஒரு வகை உண்டு. இந்த நோயில் கதையே தலைகீழ். நீண்ட தூர ஓட்டம், சைக்கிள் மாதிரி கடும்பயிற்சி நோயையே வேகமாக வளர்க்கிறது, ஆபத்தையும் கூட்டுகிறது. இவர்களுக்குக் கடும்பயிற்சி கூடாது என்பது சரியான தடை. "ஹார்ட்ல மசில் பிராப்ளம்" என்று சொல்லி அனுப்பினால் போதாது, எந்தத் தசை நோய் என்று பேர் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

மூன்று. ஹெச்.சி.எம்.மிலேயே எல்லாரும் ஒண்ணு இல்லை. காரணம் தெரியாத மயக்கம், நெருங்கிய சொந்தத்தில் இளவயசுத் திடீர்ச் சாவு, 30 மில்லிமீட்டர் தடிப்பு, ஹோல்ட்டரில் ஆபத்தான துடிப்பு, எம்.ஆர்.ஐ.யில் பரவலான தழும்பு, பம்ப் பலவீனம், இதயத்தின் நுனியில் வீக்கம், இதெல்லாம் இருந்தால் பேச்சே வேறு. ஓடும்போது மயங்கி விழுந்தவனுக்கு முதலில் வேண்டியது டாக்டர். டிரெயினர் அப்புறம்.

நான்கு. உள்ளே ஐ.சி.டி. கருவி வைத்திருப்பது வீர சாகசத்துக்கு லைசென்ஸ் இல்லை. அது விழுந்தவனை எழுப்பும் கருவி.

நிஜமான ஆபத்து எங்கே இருக்கிறது?

"பண்ணாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், எப்படிப் பண்ணக் கூடாது என்பதை யாருமே சொல்லித்தருவதில்லை. அதுதான் இந்தத் தடையின் பெரிய கேடு. என் டாக்டர் எனக்கு உட்காரவைத்துச் சொன்னதை, காரணத்தோடு இங்கே போடுகிறேன்.

தண்ணீர். உடம்பில் நீர் குறைந்தால் இதய அறை நிரம்பாது. நிரம்பாவிட்டால் உள்ளளவு சுருங்கி, வாசல் இன்னும் குறுகும். சென்னை மே மாத வெயிலில் காலை ஒன்பது மணிக்கு நடப்பதும் அக்டோபரில் ஆறு மணிக்கு நடப்பதும் எனக்கு ஒண்ணு இல்லை. பேதி, காய்ச்சல் என்றால் அன்றைக்கு லீவு.

சடாரென்று நிற்பது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வேகத்தில் இருந்து பட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், இதயத்துக்குத் திரும்புவது குறையும். மயக்கம் வருவது பல சமயம் ஓட்டத்தில் இல்லை, ஓடி முடித்து நிற்கிற நிமிஷத்தில். ஆரம்பத்தில் பத்து நிமிஷம், முடிவில் பத்து நிமிஷம் மெதுநடை. இது எனக்குச் சட்டம். முடிந்த கையோடு சுடச்சுட வெந்நீர்க் குளியலும் கிடையாது.

மூச்சை அடக்கித் தூக்குவது. பல்லைக் கடித்து முக்கித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வருகிற ரத்தம் தடைபடும். சின்ன எடை, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது வேறு. பெரிய எடையை மூச்சடக்கித் தூக்குவது வேறு.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு. சிலருக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அடைப்பு கூடும். கல்யாணச் சாப்பாடு முடித்து மண்டபப் படியேறும்போது இரைக்கிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

துடிப்புக் கணக்கு. 220-ல் வயசைக் கழி, அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை எனக்கு வேஸ்ட். மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவனுக்குத் துடிப்பு அவ்வளவு ஏறாது. அந்த எண்ணைத் துரத்தினால் வம்பு. எனக்குச் சொன்ன அளவு: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது.

டப்பா பவுடர். "ப்ரீ வொர்க்அவுட்" என்று விற்கும் தூக்கிக்கொடுக்கும் சமாச்சாரங்கள், துடிப்பைத் தட்டி எழுப்புகிற எதுவும் வேண்டாம்.

கடைசியாக, நம்ம ஊர் ஸ்பெஷல். நெஞ்சைப் பிடித்தால் யாராவது ஓடிவந்து நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பார்கள். வாசல் அடைப்புள்ள ஹெச்.சி.எம். ஆசாமிக்கு அந்த வகை மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம். உங்களுக்கு அது கூடுமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்டு, பர்ஸில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனையும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதினைந்து நிமிஷம். "பண்ணாதே" என்று சொல்ல மூணு விநாடி. நம்ம ஓ.பி.யில் ஜெயிப்பது எது என்று தெரியும்தானே.

பள்ளிக்கூடம் என்கிற காமெடி

என் மகளுக்கு 14 வயசு. அவளுக்கும் இருக்கிறது. டிரெட்மில், ஹோல்ட்டர், எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்து, அவள் டாக்டர் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். டென்னிகாய்ட் ஆடலாம், எறிபந்து ஆடலாம், நடக்கலாம், மெதுவாக சைக்கிள் ஓட்டலாம். 400 மீட்டர் ஓட்டமும் கோகோவும் இப்போதைக்கு வேண்டாம். தலை சுற்றினால் உடனே உட்காரவைத்து எங்களுக்கு போன் செய்யுங்கள். இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா?

பள்ளிக்கூடத்தில் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "சார், நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது, பி.டி. பீரியடுக்கு லைப்ரரில உட்காரட்டும்" என்றார்கள். சரி, பாதுகாப்பாம். அதே பிள்ளை எட்டு கிலோ புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூணாவது மாடி வகுப்புக்கு தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. மே மாதம் ஸ்பெஷல் கிளாஸ். ஆண்டுவிழா ஒத்திகைக்கு வெயிலில் ஒண்ணரை மணி நேரம் அசையாமல் நிற்கவைத்தார்கள், தண்ணீர் கொடுக்காமல். அதெல்லாம் ரிஸ்க் இல்லை. நிழலில் நின்று ரப்பர் வளையம் பிடிப்பது ரிஸ்க்!

தங்கமணி போய்க் கேட்டபோது, "உங்க பொண்ணு நல்லதுக்குத்தானே மேடம்" என்றார்களாம். அவள் நல்லதுக்கு என்றால், பி.டி. மாஸ்டருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. பெட்டி ஒன்று வாங்கி ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்க வேண்டும். ஆண்டுவிழா மேடை அலங்காரச் செலவுக்கு இரண்டு பெட்டி வாங்கலாம்.

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தாரே, பார்த்திருப்பீர்கள். இதயம் நின்றே போனது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். உள்ளே கருவி வைத்துக்கொண்டார். கருவியோடு இத்தாலிய லீக்கில் ஆட விதி இடம் கொடுக்கவில்லை, 2022-ல் இங்கிலாந்து போய் ஆடினார். அவருக்கு ஹெச்.சி.எம். என்று நான் சொல்ல வரவில்லை. விழுந்தவனை எழுப்ப ஆளும் பெட்டியும் தயாராக இருந்ததைச் சொல்கிறேன். இதயம் நின்றால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், அது வரும்வரை பக்கத்தில் நிற்கிறவன்தான் டாக்டர்.

"எல்லாருக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துட்டா முடிஞ்சுது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தாலியில் 1982-லிருந்து போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யோடு பரிசோதனை கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர்ச் சாவு பெருமளவு குறைந்தது என்று 2006-ல் எழுதினார்கள். நல்லது. ஆனால் இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்ததில், பின்னால் இதய நோயால் இறந்த 8 பேரில் 6 பேருக்குப் பரிசோதனை நார்மல். வளரும் வயசில் நோய் பின்னால்தான் தலைகாட்டும். ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டு மூடிவைக்கிற விஷயம் இல்லை.

கடைசியாக, நம்ம வீட்டுக்குள்

டாக்டரையும் பள்ளிக்கூடத்தையும் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் நியாயமில்லை.

2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்து கிளம்பிய ஆராய்ச்சி ஒன்று நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்தது. பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் எல்லாம் சேர்ந்து செய்தது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது, அது இதயத் தசை நோயோடு தொடர்புள்ளது என்றார்கள். 2018, 2020-ல் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின: அந்த விடுபடல் மட்டும் பெரிய வில்லன் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு சிலருக்கு மட்டும் வரும் வேறு மாற்றங்கள்தான் ஆபத்து. அதனால் 4 சதவீதத்தைக் கேட்டு யாரும் அலற வேண்டாம். ஆனால் "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்கிற பேச்சுக்கு இனி இடமில்லை.

இவ்வளவு இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? மறைக்கிறோம். ஒருத்தருக்குத் தெரிந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லாரும் ஈ.சி.ஜி., எக்கோ பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஒண்ணு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரியவர்களுக்கு மூணு முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்குத் தெரிந்த அன்றே எங்க பெரியப்பா வீட்டுக்கு போன் போட்டேன். "வெளியே சொல்லாதேப்பா, நம்ம கவிதாவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். கல்யாணம் முடிந்தது. அவளுக்கு இரண்டு குழந்தை. இன்னும் யாரும் எக்கோ எடுக்கவில்லை. அந்தப் பெரியப்பாதான் ஜிம் சாவு செய்தி வந்தால் முதலில் ஃபார்வேர்டு அனுப்புகிற ஆள்!

நோய் இருப்பது தெரிந்து, அளந்து, அளவோடு நடக்கிறவனை "விழுந்துடப்போறான்" என்று பயமுறுத்துகிறோம். நோய் இருப்பதே தெரியாமல் கபடி ஆடுகிறவனை, போலீஸ் தேர்வுக்கு மைதானத்தைச் சுற்றுகிறவனை, "சிங்கம்டா" என்று தட்டிக்கொடுக்கிறோம். ஒண்டாரியோ கணக்கு சொன்னது என்ன? அதிகம் செத்தது இரண்டாவது ஆள்.

ஆகவே டாக்டர்களே, தடை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நோய், எந்தச் சோதனையில் என்ன வந்தது, எது கூடாது, எது கூடும், அடுத்து எப்போது பார்ப்பது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போடுங்கள். அதை எழுத நேரமில்லை என்றால், நேரமிருக்கிற டாக்டரிடம் எங்களை அனுப்புங்கள்.

பி.கு. 1: உங்க குடும்பத்தில் 40 வயசுக்குள் யாராவது காரணமில்லாமல் திடீரென்று போயிருக்கிறார்களா? முனி, காத்து கருப்பு, கிணத்தில் வழுக்கினார், வண்டியில் தூங்கினார் என்று ஏதாவது கதை இருக்கிறதா? யாராவது ஓடும்போது, விளையாடும்போது மயங்கி விழுந்திருக்கிறார்களா? இந்த வாரம் ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ. பிள்ளைகளுக்கும் சேர்த்து.

பி.கு. 2: நான் இப்போது தினம் 45 நிமிஷம் நடக்கிறேன், துணைக்கு ஆளோடு, தண்ணீர் பாட்டிலோடு. ஏறின 14-ல் 11 கிலோ இறங்கிவிட்டது. மிச்சம் மூணு கிலோவுக்குத் தங்கமணியின் பால்கோவா பொறுப்பு.